வன்னியில் செம்மறி: நிலத்தை மீட்கும் மேய்ச்சலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் ஆண்டுக்குச் சுமார் 1000 முதல் 1500 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. மன்னார்க் கரையோரத்தில் மட்டும் அதற்கும் குறைவு. இது குறைவான மழை அல்ல. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசியில் தொடங்கித் தைக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் இடியோடு சில நாள் பெய்யும். பிறகு தென்மேற்குக் காற்றான சோழகம் எழும்பினால் புரட்டாசி வரை நிலம் வெடித்துக் கிடக்கும். ஆகவே இங்கே செம்மறி வளர்க்க நினைப்பவரின் முதல் வேலை, மூன்று நான்கு மாதத்தில் முளைத்த புல்லை ஆண்டு முழுவதற்கும் எப்படிக் கொண்டுபோவது என்று கணக்குப் போடுவது.

ஆடு மேய்ந்தால் நிலம் கெட்டுவிடும் என்ற பேச்சு எங்கும் உண்டு. கட்டாக்காலியாக விட்டால் கெடும், உண்மைதான். கடிபட்ட புல் தன் வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்திருப்பதைச் செலவழித்துத்தான் புதுத் தளிர் விடுகிறது. அந்தத் தளிர் முற்றி மறுபடி சேமிக்கும் முன்பே இரண்டாவது முறை கடிபட்டால் வேர் சுருங்கும். மூன்றாவது, நான்காவது கடியில் புல் சாகும், மண் வெளிக்கும், அடுத்த மாரியில் அந்த மண் வெள்ளத்தோடு போகும். மிகைமேய்ச்சல் என்பது ஆடுகளின் எண்ணிக்கையைவிட அவை ஒரே இடத்தில் நிற்கும் காலத்தையும், திரும்பி வரும் காலத்தையும் பொறுத்தது என்று பிரான்ஸ் நாட்டு விவசாயியும் ஆய்வாளருமான ஆந்திரே வுவாசென் 1950களிலேயே விளக்கினார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றித்தான் நிற்கிறது: புல்லுக்கு ஓய்வு கொடுங்கள்.

ஆட்டு மந்தையைக் கொண்டு பாலைவனங்களையே பசுமையாக்கலாம் என்று சொல்லும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. சிம்பாப்வேயைச் சேர்ந்த அலன் சேவரியின் அந்தப் பெரிய வாதத்தை ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. அவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு நமக்கு வேண்டாம். வெளித்துக் கிடக்கும் தரையில் புல் மூடுவதும், பெய்த மழை ஓடாமல் அதே காணியில் இறங்குவதும், ஆடு கோடையைத் தாங்குவதும் போதும். அவை முடியக்கூடியவை.

காணியைத் தெரிந்துகொள்ளுதல்

வேறு எதற்கும் முன்னால் ஒன்று. மிதிவெடி அகற்றப்படாத பகுதிகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் ஆடு போய்விட்டால் பின்னால் போகாதீர்கள். ஆடு போனால் போகட்டும். நெடுநாள் ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்காட்டுக்குள் மேய்க்கும் எண்ணம் இருந்தால், அங்கே வெடி அகற்றும் பணி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லையும் கவனியுங்கள். ஒதுக்கக் காட்டில் அனுமதியின்றி மேய்த்தால் வழக்கு வரும்.

பிறகு மண். முருங்கன் பக்கத்துக் களி, மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் மழை நின்ற சில நாளிலேயே ஈரம் போய்விடும். களியில் மாரிகாலத்தில் ஆட்டை நிறுத்தினால் குளம்பு பட்டு மண் இறுகிவிடும். மணலில் அந்தப் பயம் குறைவு, ஆனால் புல்லும் குறைவு. உங்கள் காணியில் இரண்டும் கலந்திருந்தால் அது நல்வாய்ப்பு. மாரியில் மேட்டு மணலுக்கும் கோடையில் களிநிலத்துக்கும் மாறி மாறிப் போகலாம்.

புல்லை நிறுத்து அளத்தல்

எத்தனை ஆடு வாங்கலாம் என்பதைக் கையிலுள்ள காசைப் பார்த்து முடிவு செய்பவர்களே அதிகம். அந்த முடிவைப் புல் சொல்ல வேண்டும். மாரி ஓய்ந்து புல் முற்றியிருக்கும் தை கடைசியிலோ மாசி தொடக்கத்திலோ இதைச் செய்யுங்கள்.

ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் கொண்ட சட்டம் ஒன்றைத் தடியால் கட்டிக்கொள்ளுங்கள். காணியில் நல்ல இடம், நடுத்தரமான இடம், மோசமான இடம் என்று ஏழெட்டு இடங்களில் சட்டத்தை வைத்து, உள்ளே இருக்கும் புல்லை அரிவாளால் அடியோடு ஒட்ட அறுத்துத் தனித்தனியாகக் கட்டுங்கள். சாக்கில் பரப்பி நொறுங்கும்வரை காயவிட்டு நிறுத்துச் சராசரி பாருங்கள்.

சராசரி 150 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4000 சதுர மீற்றர். ஆக ஏக்கருக்கு 600 கிலோ காய்ந்த புல். இதில் பாதியை ஆடு தொடக்கூடாது. அது மண்ணுக்குப் போர்வை, வேருக்குக் காவல், அடுத்த மழைக்கு வித்து. மீதி 300 கிலோ. ஐந்து ஏக்கருக்கு 1500 கிலோ.

25 கிலோ எடையுள்ள ஆடு தன் எடையில் நூற்றுக்கு மூன்று வீதம், அதாவது நாளுக்கு 750 கிராம் காய்ந்த தீன் தின்னும். மாசி நடுவிலிருந்து ஐப்பசி வரை 240 நாள் என்றால் ஓர் ஆட்டுக்கு 180 கிலோ. 1500 கிலோவை அதனால் வகுத்தால் எட்டு ஆடு. ஐந்து ஏக்கருக்கு எட்டுத்தானா என்று பலர் முகம் வாடும். ஆனால் இரண்டு மாதம் அறுவடை முடிந்த வயலில் மேய்த்து, மீதி 180 நாளில் தீனின் மூன்றில் ஒரு பங்கை மரக்குழையாக, அதாவது இலைதழையாக, கொடுத்தால், ஓர் ஆட்டுக்கு வேண்டிய புல் 90 கிலோவாகக் குறையும். அதே காணி 16 ஆட்டைத் தாங்கும். வயலும் குழையும் கைக்கு வரும் முன்பே 16 ஆட்டை வாங்கிக் கட்டாதீர்கள்.

துண்டு பிரித்தல்

ஐந்து ஏக்கரைக் கால் ஏக்கர் வீதம் 20 துண்டாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். இருபதுக்கும் வேலி போடத் தேவையில்லை. வெளிவேலி உறுதியாக இருக்க வேண்டும். உள்ளே, தூக்கி நகர்த்தக்கூடிய வலை வேலி 130 மீற்றர் இருந்தால் ஒரு துண்டைச் சுற்றி வரும். ஆள் வைத்து மேய்ப்பவருக்கு அதுவும் தேவையில்லை. அடையாளத்துக்குத் தடி நட்டு, இன்றைக்கு இந்தத் தடிக்கு அப்பால் போகக்கூடாது என்று மறித்து மேய்த்தாலே போதும். பழைய மீன்வலையைக் கட்டுவதை நான் விரும்புவதில்லை. குட்டி கழுத்தைக் கொடுத்துவிட்டால் இரவுக்குள் முடிந்துவிடும்.

வெளிவேலிக்குக் கதியால்தான், அதாவது ஊன்றினால் மரமாகும் தடிதான், என் தெரிவு. சீமைக்கிளுவை, கிளுவை, முள்முருக்கு, பூவரசு எல்லாம் ஐப்பசி மழையோடு ஊன்றினால் வேர்பிடிக்கும். முட்கம்பி துருப்பிடித்துப் போகும். கதியால் வளர்ந்து தீனாகவும் நிற்கும். சூரிய மின்கலத்தில் இயங்கும் மின்வேலி நல்லது, ஆனால் அதற்கென்று செய்யப்பட்ட கருவியோடு மட்டும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொடுப்பது சட்டவிரோதம். அதில் மனிதர் செத்திருக்கிறார்கள்.

மாரியில் வேகமாக, கோடையில் மெதுவாக

மாரிகாலத்தில் புல் வேகமாக வளரும். அப்போது ஒரு துண்டில் மூன்று நாளுக்கு மேல் நிற்க வேண்டாம். 20 துண்டையும் சுற்றி வர 60 நாள் ஆகும். இந்தக் கணக்கு புல்லுக்கு மட்டுமல்லாமல் குடற்புழுவுக்காகவும். அதைக் கீழே சொல்கிறேன். அடைமழை நாளில் களிநிலத்தில் கால் வைக்கவே விடாதீர்கள். தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் சலாகை இடைவெளி விட்டு அடித்த பரண் கொட்டகை இருந்தால், ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி கணக்கில், அங்கேயே தீன் கொடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கோடையில் நிலைமை வேறு. புல் வளராது, இருப்பதைப் பங்கிட்டுத் தின்பதுதான் வேலை. மேலே சொன்ன கணக்கில் 16 ஆடு நாளுக்கு 8 கிலோ புல் தின்றால், கால் ஏக்கர்த் துண்டில் எடுக்கக்கூடிய 75 கிலோ ஒன்பது நாளுக்கு வரும். 20 துண்டுக்கு 180 நாள். ஒன்பது நாளையும் ஒரே மூச்சில் நிற்காமல், ஐந்து நாளும் நான்கு நாளுமாக இரண்டு முறை வாருங்கள்.

துண்டை விட்டு எப்போது எழும்புவது என்பதை நாட்காட்டி முழுதாகச் சொல்லாது. குனிந்து உட்கார்ந்து புல்லின் அடியை விரலால் விலக்கிப் பாருங்கள். நான்கு விரல் உயரத்துக்குத் தண்டு நிற்க வேண்டும். அடியில் போன ஆண்டுச் சருகும் புழுக்கையும் கலந்து மண்ணை மூடியிருக்க வேண்டும். சருகை நீக்கி மண்ணைக் கிள்ளினால் நடுப்பகலிலும் அது வெளியே உள்ள மண்ணைவிடக் குளிர்ந்திருக்கும். தண்டு இரண்டு விரலுக்கு இறங்கி மண் வெள்ளையாகத் தெரிந்தால் நீங்கள் ஏற்கெனவே இரண்டு நாள் பிந்திவிட்டீர்கள்.

கோடையில் விடியலிலேயே திறந்துவிட்டு, பதினொரு மணிக்கு நிழலுக்குக் கொண்டுவந்து, மூன்றரைக்குப் பிறகு மறுபடி விடுங்கள். ஓர் ஆடு மூன்று நான்கு லீற்றர் தண்ணீர் குடிக்கும். குட்டிக்குப் பால் கொடுப்பது இன்னும் கூடக் குடிக்கும்.

வயலும் குளத்தின் அலைகரையும்

மாரிகால நெற்செய்கையான காலபோகத்தின் அறுவடை முடிந்ததும் வயல் திறக்கும். கால்நடையை எப்போது வயலுக்குள் விடலாம், எப்போது வெளியேற்ற வேண்டும் என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். ஆடு வைத்திருப்பவர் அங்கே வாய் திறக்காவிட்டால் அவர்களுடைய வசதி யார் நினைவுக்கும் வராது. கோடை நெற்செய்கையான சிறுபோகம் செய்யும் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களின் கீழ் வயல் திறந்திருக்கும் காலம் குறுகியது. மானாவாரி வயல்களில் அது நீளும்.

வயலுக்கு ஆட்டை விடும்போது இரண்டு கவனம். இயந்திரம் அறுத்த வயலில் நெல் சிந்திக் கிடக்கும். பசியோடு போன ஆடு அதை வயிறு முட்டத் தின்றால் வயிறு புளித்து ஓரிரு நாளில் சாகவும் கூடும். முதல் சில நாள் குழையைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் மட்டும் விடுங்கள். வரம்புக்குக் களைநாசினி அடித்தார்களா என்று வயற்காரரிடம் கேளுங்கள். அவரிடம் இன்னொன்றும் பேசலாம்: இரவில் ஆட்டை அவர் வயலில் பட்டி அடைத்தால் எரு அவருக்கு. பட்டி அடைப்பது வன்னிக்குப் புதியது அல்ல, வயற்காரரும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்.

குளத்து நீர் வற்ற வற்ற அலைகரையில் பச்சைப்புல் எழும்பும். எல்லோருக்கும் அதைப் பார்த்தால் ஆசைதான். ஆனால் சேற்றோர நத்தைகளில் தட்டைப்புழுவின் குஞ்சுகள் வளர்ந்து புல்லில் ஏறி ஒட்டிக்கொள்ளும். முதலையும் உண்டு. கால் புதையாத, நன்றாகக் காய்ந்த மேற்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழை

சீமைக்கிளுவை இலங்கையின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்ட மரம். அதன் குழையில் புரதம் அதிகம். காய்ந்த புல்லோடு சேரும்போது அந்தப் புல்லும் நன்றாகச் செமிக்கும். வெட்டாமல் விட்டால் மாசி பங்குனியில் இலையுதிர்த்துப் பூத்துவிடும். பூக்கும் முன்பு ஒரு முறை கிளையைக் கழித்துவிட்டால் கோடைக்கு இலை நிற்கும். செம்மறிக்கு முதலில் அதன் மணம் பிடிக்காது, முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். முதல் நாள் மாலை வெட்டி, இரவு முழுக்க வாடவிட்டு, பூவரசங் குழையோடு கலந்து கட்டுங்கள். ஒரு வாரத்தில் தேடித் தின்னும். மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்குக்கு ஆடொன்றுக்கு நாளுக்கு ஒரு கிலோ பச்சைக்குழை என்பது கணக்கு.

இப்பிலிப்பில் இலையைத் தீனின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள், மயிர் கொட்டும். மரவள்ளி இலையை வெயிலில் வாட்டித்தான் கொடுக்க வேண்டும். இளம் இறுங்குப் பயிர், எருக்கு, அலரி, ஆமணக்கு, கார்த்திகைக் கிழங்கு எதுவும் ஆட்டின் வாய்க்கு எட்டக்கூடாது. பாத்தீனியம் கண்டால் பூக்கும் முன்பு கையுறை போட்டுப் பிடுங்குங்கள். கொக்கத்தடியோடு காட்டுக்குப் போகிறவர்கள் பாலை, வீரை மரங்களைக் கிளையோடு முறிக்காமல் நுனிக்குழை மட்டும் எடுங்கள். அந்த மரங்கள் வளர ஒரு தலைமுறை ஆகும்.

வெளித்த தரையை மூடுதல்

காணியில் எதுவும் முளைக்காத சொட்டைத் தரை இருந்தால், புரட்டாசியில் அங்கே பட்டியை அடையுங்கள். ஒரே இடத்தில் மூன்று நான்கு இரவு. முதலில் வைக்கோலும் சருகும் பரப்பிவிட்டு ஆட்டை விட்டால், குளம்பு அந்த இறுகிய மேற்றோட்டை உடைக்கும்; மூத்திரமும் புழுக்கையும் வைக்கோலோடு கலந்து மிதிபடும். பட்டி நகர்ந்ததும், கூரையிலிருந்து கழற்றிய பழைய கிடுகையோ முட்கிளையையோ அங்கே போட்டு மூடுங்கள். காற்றில் வரும் புல்விதை அதில் சிக்கும், மழைத்துளி மண்ணை அறையாது. ஐப்பசி மழைக்கு முன்பு சரிவுக்குக் குறுக்கே சிறு வரம்பு போட்டுவிட்டால் நீரும் நின்று இறங்கும். முதல் மாரி முழுவதும் அந்த இடத்தில் ஆடு வேண்டாம். புல் பூத்து விதை உதிர்த்த பிறகு விடுங்கள். கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கும் வழக்கம் இந்த உழைப்பு முழுவதையும் ஒரு பகலில் அழித்துவிடும். வீதியோரக் காணியானால் ஆனி மாதத்திலேயே எல்லையில் ஆறடி அகலத்துக்குச் செதுக்கி வையுங்கள்.

எந்த ஆடு, எப்போது குட்டி

யாழ்ப்பாண உள்ளூர்ச் செம்மறி சிறியது. அதன் சிறுமைதான் கோடையில் அதன் பலம்: குறைவாகத் தின்று, வெயிலைத் தாங்கி, காய்ந்த புல்லில் சீவித்துவிடும். தென்னாபிரிக்காவில் 1930களில் உருவான டோர்பர் இனத்தின் கலப்புக் கிடாய்கள் எடை தரும், ஆனால் அந்த எடைக்கு ஏற்ற தீனும் கேட்கும். மறிகளை, அதாவது பெண் ஆடுகளை, உள்ளூர் இனத்தில் வைத்துக்கொண்டு கிடாயை மட்டும் கலப்பில் தேடலாம். 25 மறிக்கு ஒரு கிடாய் போதும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றிவிடுங்கள், மகளோடு சேரவிடாதீர்கள்.

சினைக்காலம் 150 நாள். ஆவணியில் கிடாய் விட்டால் தையில் குட்டி. அப்போது மழை ஓய்ந்திருக்கும், புல் நிறைந்திருக்கும், வயல் திறக்கப் போகும். கார்த்திகை அடைமழையில் பிறக்கும் குட்டி நனைந்து சளி பிடித்துச் சாகும். ஆகவே கிடாயை மற்ற மாதங்களில் தனியே கட்டுங்கள். ஆவணி வறண்ட மாதம் என்பதால், கிடாய் விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து மறிகளுக்குக் குழையோடு ஒரு கைப்பிடி தவிடும் எள்ளுப் புண்ணாக்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

புழுவும் நோயும்

செம்மறியைக் கொல்வதில் முதலிடம் இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவுக்கு. புழுக்கையில் வரும் முட்டை, ஈரமும் சூடும் உள்ள மாரியில் ஒரு வாரத்துக்குள் புழுக்குஞ்சாகிப் புல்லின் அடியில் சில அங்குலம் ஏறி நிற்கும். மூன்று நாளில் துண்டை விட்டு எழும்பினால் அந்தக் குஞ்சு வரும்போது ஆடு அங்கே இருக்காது. 60 நாள் கழித்துத் திரும்பும்போது பெரும்பாலானவை செத்திருக்கும். மாரியில் பனி காய்ந்த பிறகே திறந்துவிடுங்கள். நான்கு விரல் உயரத்துக்குக் கீழே மேயவிடாததும் இதே காரணத்துக்குத்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் பெருவிரலால் இறக்கி உட்பக்க நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் விட்டுவிடுங்கள். வெளுத்த இளஞ்சிவப்பு என்றால் மருந்து. வெள்ளையென்றால் அன்றைக்கே மருந்து, கூடவே நல்ல தீன். தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தால் நோய் முற்றிவிட்டது. தென்னாபிரிக்காவில் இதற்கென நிற அட்டை ஒன்றே செய்திருக்கிறார்கள். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பதில் காசு மிச்சம் என்பது சிறிய பயன். எல்லா ஆட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால் மருந்துக்குப் பழகிய புழு மட்டுமே மிஞ்சும், பிறகு எந்த மருந்தும் வேலை செய்யாது. ஐவர்மெக்டின் வகை மருந்து புழுக்கையிலும் தங்கி, எருவை மண்ணுக்குள் கொண்டுபோகும் வண்டுகளையும் கெடுக்கும். வேப்பங்குழை தின்னட்டும், ஆனால் வெளுத்த ஆட்டுக்கு அதை மருந்தாக நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

மாரியிலும் அதன் கடைசியிலும் பின்னங்கால் இழுவை வரும். மாட்டிலிருந்து நுளம்பு கொண்டுவரும் புழு, ஆட்டின் முதுகுத்தண்டுக்குள் போவதால் வருவது அது. இரவில் மாட்டுப் பட்டிக்கு அருகே ஆட்டை அடைக்காதீர்கள், கொட்டிலில் புகை போடுங்கள். கால் பின்னத் தொடங்கிய அன்றே கால்நடை வைத்தியரை அழைத்தால்தான் பயன். கால்-வாய் நோய்த் தடுப்பூசியையும் அவரிடமே கேட்டு வையுங்கள். மாட்டுக்கும் கோழிக்கும் விற்கும் தாதுக்கலவையைச் செம்மறிக்கு வைக்கவே கூடாது. அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும்.

நரி, தெருநாய், சிறுத்தை, வெங்கிணாந்தி எல்லாம் உள்ள ஊர் இது. இரவில் அடைத்த கொட்டில் இல்லாமல் செம்மறி வேண்டாம்.

விற்பதும் காத்திருப்பதும்

தைக்குட்டி சித்திரையில் பால் மறக்கும். கிடாய்க்குட்டிகளையும் பல் தேய்ந்த மறிகளையும் ஆடி பிறக்கும் முன்பு விற்றுவிடுங்கள். ஹஜ்ஜுப் பெருநாள் வரும் காலத்தில் மன்னாரிலும் வவுனியாவிலும் கேள்வி கூடும். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும், ஆகவே முன்கூட்டிக் கணக்குப் பாருங்கள். ஆட்டை வாகனத்தில் ஏற்றும் முன்பு என்ன பத்திரம் வேண்டும் என்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரை மழை பொய்த்த ஆண்டில் விலை குறைவாக இருந்தாலும் வைகாசியிலேயே எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆவணியில் எலும்பும் தோலுமாக விற்பதைவிட அது மேல்.

ஆண்டின் கடினமான மூன்று வாரம் ஐப்பசியின் முதல் மழைக்குப் பிறகு வருகிறது. எட்டு மாதம் காய்ந்த நிலம் ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கும். ஆடு கத்தும், மனம் இளகும், கதவைத் திறந்துவிடத் தோன்றும். அந்தத் தளிர் வேரில் மிஞ்சியிருந்த கடைசிச் சேமிப்பில் வந்தது. அப்போது கடிபட்ட புல் அந்த மாரி முழுவதும் எழும்பாது. பச்சைத் தளிரில் நீர்தான் அதிகம், ஆட்டுக்கும் வயிற்றால் போகும். புல் ஒரு சாண் வளரும்வரை ஆட்டைக் கொட்டிலிலேயே வைத்திருங்கள். 16 ஆட்டுக்கு 21 நாளுக்குச் சுமார் 250 கிலோ காய்ந்த தீன் வேண்டும். கச்சான் கொடியும் உழுந்து, பயற்றஞ் செடியும் பிடுங்கும் காலத்தில் தோட்டக்காரரிடம் சொல்லி வைத்து, நிழலில் உலர்த்தி, கறையான் ஏறாத பரணில் வைக்கோலோடு மாறி மாறி அடுக்கி, மேலே கிடுகு போட்டு மூடி வையுங்கள்.